நிருபரின் கோப்பு: வயர்கார்டு, நூறு கோடி வழக்கு, பத்திரிகைச் சுதந்திரம்

2015 அக்டோபரில் ஜெர்மனியின் பேமெண்ட் நிறுவனமான வயர்கார்டு சென்னையைச் சேர்ந்த ஒரு பேமெண்ட் தொழிலை வாங்குவதாக அறிவித்தது. ஹெர்மீஸ் ஐ டிக்கெட்ஸ் அதில் முக்கியமான கம்பெனி. விலை 34 கோடி யூரோ வரை போகும் என்று சொன்னார்கள். ஆனால் வயர்கார்டுக்கு அதை விற்றது மொரிஷியஸில் பதிவான இஎம்ஐஎஃப் 1ஏ என்ற நிதியம். அந்த நிதியம் இதே தொழிலைக் கொஞ்ச நாள் முன்புதான், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கியிருந்தது. இடையில் நின்ற அந்த நிதியம் உண்மையில் யாருடையது?

பொருளாதார நிருபரின் வேலை இந்த மாதிரிக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பத்திரிகைச் சுதந்திரம் என்றதும் அரசியல் செய்தியாளர் கைதாவதுதான் நம் நினைவுக்கு வரும். வணிகச் செய்தியில் ஆபத்து வேறு உருவில் வருகிறது: வக்கீல் நோட்டீஸ், நூறு கோடி நஷ்ட ஈடு வழக்கு, "இவர் ஷேர் விலையைக் கவிழ்க்கக் கூலி வாங்கினார்" என்ற புகார். அந்த நேரத்தில் நிருபருக்குக் கைகொடுப்பது அவர் கடைசியில் சொன்னது பலித்ததா என்பது இல்லை. எழுதிய அன்று அவர் எப்படி வேலை செய்தார், அதற்கு என்ன காகிதம் வைத்திருக்கிறார் என்பதுதான். இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

சென்னை மேசையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்

இந்தியக் கம்பெனி எதுவானாலும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ21 தளத்தில் அதன் பொது ஆவணங்களைப் பார்க்கலாம். ஒரு கம்பெனிக்குக் கட்டணம் 100 ரூபாய். திறந்த பிறகு சில மணி நேரம்தான் அனுமதி இருக்கும். அதனால் எதை எடுக்கப் போகிறோம் என்று எழுதி வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். எல்லாவற்றையும் முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். படிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனியின் அடையாள எண் 21 இடங்கள் கொண்டது. முதல் எழுத்து பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியா இல்லையா என்று சொல்லும்; அடுத்த ஐந்து எண்கள் தொழில், பிறகு மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, நான்கு இலக்கத்தில் பதிவான ஆண்டு, கம்பெனி வகைக்கு மூன்று எழுத்து, கடைசியில் ஆறு இலக்கப் பதிவு எண். பெயர் மாறினாலும் கடைசி ஆறு எண் பெரும்பாலும் நிலைத்திருக்கும். பெயரை மாற்றிப் பழைய வரலாற்றை மறைப்பவர்களை அதை வைத்துப் பிடிக்கலாம்.

இறக்க வேண்டிய படிவங்கள் இவை: ஏஓசி-4 வருடக் கணக்கு, எம்ஜிடி-7 ஆண்டறிக்கை, பங்குதாரர் பட்டியலும் பங்கு கை மாறிய விவரமும் அதில்தான் வரும், பிஏஎஸ்-3 புதிய பங்கு யாருக்கு என்ன விலையில் கொடுக்கப்பட்டது, டிஐஆர்-12 இயக்குநர் மாற்றம், சிஎச்ஜி-1 சொத்து அடமானம், ஏடிடி-3 ஆடிட்டர் ராஜினாமா. கடைசியில் சொன்னதை முதலில் திறக்கிறவர் அனுபவசாலி. பாதிப் பதவிக்காலத்தில் விலகும் ஆடிட்டர் காரணம் எழுத வேண்டும். "சொந்தக் காரணங்கள்" என்று ஒரு வரியில் முடித்திருந்தால் தொலைபேசியை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இயக்குநர் ஒவ்வொருவருக்கும் எட்டு இலக்கத்தில் டிஐஎன் எண் உண்டு. ஒருவர் வேறு எந்தெந்தக் கம்பெனிகளில் இருக்கிறார் என்று அந்த எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும், பெயரை வைத்து அல்ல. நம் ஊரில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் கொண்ட ஆட்கள் ஏராளம். தவறான ஆளின் பெயரை அச்சில் போட்டு, அதனாலேயே நல்ல செய்தி மொத்தமும் வீணாவது இந்தத் தொழிலில் பழைய கதை.

சரி, ஹெர்மீஸ் போன்ற ஒப்பந்தத்தில் இந்தக் காகிதங்கள் எங்கே நின்றுவிடும்? பங்கு கை மாறியது தெரியும். வாங்கிய மொரிஷியஸ் நிதியத்தின் பெயர் தெரியும். அந்த நிதியத்துக்குப் பின்னால் யார் என்பது மொரிஷியஸ் பதிவேட்டில் வெளியாருக்குக் கிடைக்காது. ஆனால் இரண்டு விலைகளை ஒப்பிட அந்தப் பெயரே தேவையில்லை. வயர்கார்டு அப்போது பட்டியலிட்ட நிறுவனம். தான் கொடுத்த விலையை அதுவே வெளியிட்டாக வேண்டும். சென்னைக் கம்பெனியின் வருமானமும் லாபமும் ஏஓசி-4இல் இருக்கிறது. கொடுத்த விலையை லாபத்தால் வகுத்தால், எத்தனை வருட லாபத்தை ஒரே நாளில் கொட்டிக் கொடுத்தார்கள் என்று தெரியும். முழுக் குற்றச்சாட்டை எழுத இது போதாது. பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியை எழுத இது தாராளம்.

இந்தக் கணக்கில் சறுக்கும் இடங்கள் அலுப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானவை. 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். ஒரு பூஜ்ஜியம் தவறினால் நோட்டீஸ் நிச்சயம். ஜெர்மன் கம்பெனியின் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை, இந்தியக் கம்பெனியுடையது ஏப்ரல் முதல் மார்ச் வரை. யூரோவை ரூபாயாக்கும்போது ஒப்பந்த நாளின் மதிப்பை எடுக்க வேண்டும், இன்றைய மதிப்பை அல்ல. தனிக் கணக்கையும் துணைக் கம்பெனிகள் சேர்த்த கணக்கையும் கலந்து ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆவணத்தின் பெயர், பக்க எண், தேதி எழுதிய ஒரு பிரதி இருக்க வேண்டும். நல்ல செய்தி அறைகளில் எடிட்டர் கட்டுரையைவிட அந்தப் பிரதியைத்தான் முதலில் கேட்பார்.

பணம் இருக்கிறதா?

பெரிய மோசடிகள் பலவற்றில் பொய்யான லாபம் கடைசியில் பொய்யான ரொக்கமாக வந்து நிற்கும். லாபத்தைக் காட்டினால் அந்தப் பணத்தை எங்காவது வைத்ததாகவும் காட்ட வேண்டுமே. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் இருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். கூடவே 376 கோடி ரூபாய் வர வேண்டிய வட்டியும் பொய். இல்லாத டெபாசிட்டுக்கு வட்டியும் எழுத வேண்டியிருந்தது.

அதனால் நிருபர் பழக வேண்டிய முதல் சோதனை வட்டிச் சோதனை. வருட ஆரம்ப இருப்பையும் வருடக் கடைசி இருப்பையும் கூட்டி இரண்டால் வகுங்கள். வட்டி வருமானத்தை அதோடு ஒப்பிடுங்கள். 1,000 கோடி வங்கியில் இருக்கிறது என்று சொல்லும் கம்பெனி, டெபாசிட்டுக்கு 6 சதவீதம் கிடைக்கும் காலத்தில், 14 கோடி வட்டி மட்டும் காட்டினால் விளக்கம் வேண்டும். விளக்கம் நியாயமாகவும் இருக்கலாம்: பணம் நடப்புக் கணக்கில் கிடந்திருக்கலாம், வெளிநாட்டு நாணயத்தில் இருந்திருக்கலாம், மார்ச் கடைசியில்தான் வந்திருக்கலாம். வயர்கார்டில் இந்தச் சோதனை எடுபட்டிருக்காது. யூரோ வட்டி அப்போது பூஜ்ஜியத்தை ஒட்டிக் கிடந்தது. எந்தச் சோதனை எங்கே செல்லாது என்று தெரிந்திருப்பதும் தொழில்தான்.

இரண்டாவது, வசூல் நாட்கள். வர வேண்டிய பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால், சரக்கை விற்றுப் பணம் வர எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும். 60 நாள் 90 ஆகி 140 ஆகிறது, லாபம் மட்டும் ஏறுகிறது என்றால் விற்பனை காகிதத்தில் மட்டும் நடக்கிறதோ என்று கேட்கலாம். மூன்றாவது, ஆடிட்டர் அறிக்கையோடு வரும் காரோ இணைப்பு. 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் எடுத்த கம்பெனி, வங்கிக்குக் காலாண்டுக்கு ஒரு முறை கொடுத்த கணக்கும் சொந்தப் புத்தகமும் ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் அதில் சொல்ல வேண்டும். பக்கம் பக்கமாக வரும் அந்த இணைப்பைப் படிக்கும் நிருபர்கள் குறைவு; அதனாலேயே அங்கே செய்தி கிடைக்கிறது.

இதற்கெல்லாம் நல்ல பயிற்சிக்கூடம் ரிசல்ட் மேசை. பட்டியலிட்ட கம்பெனிகள் காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள், ஆண்டுக் கணக்கை 60 நாட்களுக்குள் வெளியிட வேண்டும். அந்த சீசனில் இரவு ஒன்பது மணிக்கு வந்து விழும் பிடிஎஃப் கோப்புகளில் லாப எண்ணைத் தாண்டிக் கீழே உள்ள குறிப்புகளைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால், மூன்று வருடத்தில் எந்தக் கம்பெனி வழக்கம் மாறி எழுதுகிறது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். தொலைக்காட்சியில் முகம் தெரியும் வேலைக்கு உடனே தாவுகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

நிருபர்மேல் திரும்பிய கை

லண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸின் டான் மெக்ரம் 2015இலிருந்து வயர்கார்டின் கணக்கு பொருந்தவில்லை என்று எழுதிவந்தார். 2018 செப்டம்பரில் அந்த நிறுவனம் ஜெர்மனியின் முதல் வரிசை 30 கம்பெனிகளை அப்போது கொண்டிருந்த டாக்ஸ் குறியீட்டில் காமர்ஸ்பாங்க்கின் இடத்தைப் பிடித்தது. 2019 ஜனவரி 30 அன்று, சிங்கப்பூர் அலுவலகத்தில் போலி ஒப்பந்தங்கள் பற்றி உள்விசாரணை நடந்ததை அவரும் சக நிருபர் ஸ்டெஃபானியா பால்மாவும் வெளியிட்டார்கள். உள்ளேயிருந்து ஆவணங்கள் வந்திருந்தன. ஷேர் விழுந்தது.

ஜெர்மன் நிதிக் கண்காணிப்பு அமைப்பான பாஃபின் அடுத்துச் செய்ததை இந்தத் துறையில் இருக்கும் யாரும் மறக்கக் கூடாது. பிப்ரவரி 18 அன்று வயர்கார்டு ஷேரை ஷார்ட் செய்ய, அதாவது விலை விழும் என்று நம்பிக் கடன் வாங்கிய ஷேரை விற்க, இரண்டு மாதத் தடை போட்டது. ஏப்ரலில் மெக்ரம், பால்மா இருவர்மீதும் ஷேர் விலையைச் செயற்கையாக ஆட்டியதாகக் கிரிமினல் புகார் கொடுத்தது.

கண்காணிப்பாளர்களின் தர்க்கம் முட்டாள்தனமானது அல்ல, அதனால்தான் ஆபத்தானது. கட்டுரை வருவதற்கு முன் யாரோ ஷார்ட் செய்திருக்கிறார்கள். அப்படியானால் கட்டுரை வரப்போவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் நிருபர் சொல்லியிருக்கிறார். இந்தச் சங்கிலியில் பின்னால் வரும் இரண்டு கண்ணிகளும் பலவீனமானவை. கம்பெனியிடம் கருத்துக் கேட்டு மின்னஞ்சல் போன நொடியிலிருந்து கட்டுரை வரப்போவது கம்பெனிக்கும் அதன் வக்கீல்களுக்கும் மக்கள் தொடர்பு ஆட்களுக்கும் தெரியும். ஏற்கெனவே சந்தேகப்பட்டு ஷார்ட் செய்தவர்கள் வருடக்கணக்காக இருந்தார்கள். ஆனால் இதை வாயால் சொன்னால் எடுபடாது.

ஷார்ட் செல்லர்களை நிருபர் ஆதாரமாகப் பயன்படுத்தலாம். கம்பெனியின் கணக்கை அவர்களைப் போல நுணுக்கமாகப் படிப்பவர்கள் குறைவு. ஆனால் பேச்சு ஒருவழிப் பாதை. அவர்கள் சொல்வதைக் கேட்கலாம், கொடுக்கும் ஆவணத்தைச் சுயமாகச் சரிபார்க்கலாம். கட்டுரை எந்த நாள் வரும், வருமா வராதா, எந்தக் கோணம் என்று ஒரு சொல்லும் அவர்கள் காதில் விழக் கூடாது. வெளியாகும் தேதி தெரிந்த ஆட்களின் பெயர்ப் பட்டியல் எடிட்டரிடம் இருக்க வேண்டும், நேரத்தோடு. வயர்கார்டு 2019இல் கூட்டுச்சதி என்று குற்றம் சாட்டியபோது ஃபைனான்ஷியல் டைம்ஸ் வெளி வக்கீல் நிறுவனத்தை அமர்த்தித் தன் நிருபர்களையே விசாரித்தது. சதிக்கு ஆதாரம் இல்லை என்று முடிவு வந்தது. காகிதம் இல்லாத செய்தி அறை அந்த விசாரணையைத் தாங்கியிருக்காது.

அதே ஆண்டில் பால்மா பிலிப்பைன்ஸ் போய் வயர்கார்டின் பங்காளிக் கம்பெனிகளின் முகவரிகளைத் தட்டிப் பார்த்தார். ஒரு முகவரியில் ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர் ஒருவரின் குடும்பம் இருந்தது. சர்வதேசப் பேமெண்ட் தொழில் எதுவும் அங்கே இல்லை. அக்டோபர் 15 அன்று வெளிவந்த கட்டுரை துபாயின் அல் ஆலம் என்ற பங்காளி வழியாக வந்ததாகச் சொல்லப்பட்ட 34 வாடிக்கையாளர்களின் விரிதாளை வைத்து எழுதப்பட்டது. நிருபர்கள் அந்தப் பட்டியலில் இருந்தவர்களைத் தேடிக் கேட்டார்கள். பலர் அப்படி ஒரு பெயரையே கேள்விப்பட்டதில்லை. சிலர் தொழிலை மூடியே போயிருந்தார்கள். வேலை அவ்வளவுதான்: பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கேட்பது, கேட்ட தேதியையும் பதிலையும் குறித்து வைப்பது.

பிறகு நடந்தது தெரிந்ததே. தணிக்கை நிறுவனமான கேபிஎம்ஜியின் தனி ஆய்வு 2020 ஏப்ரலில், பங்காளிகள் வழியாக வந்ததாகச் சொன்ன லாபங்களை உறுதிசெய்ய முடியவில்லை என்றது. ஜூன் 18 அன்று பிலிப்பைன்ஸில் அறங்காவலர் பொறுப்பிலான வங்கிக் கணக்குகளில் இருந்ததாகச் சொன்ன 190 கோடி யூரோவைக் காணவில்லை என்று வெளிவந்தது. 25ஆம் தேதி திவால் மனு. நிருபர்கள்மீதான விசாரணையை மூனிக் அரசு வக்கீல்கள் செப்டம்பரில்தான் மூடினார்கள். கம்பெனி கவிழ்ந்து இரண்டு மாதம் கடந்த பிறகும் அவர்கள் சந்தேக நபர்களாகவே இருந்தார்கள். உண்மை வெளிவந்தால் நிருபர் தானாக விடுபட்டுவிடுவார் என்று நம்புகிறவர்கள் இந்தத் தேதிகளைப் பார்க்க வேண்டும்.

சொந்த ஷேர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 1980களில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் சந்தைப் பத்தி எழுத்தாளர் ஃபாஸ்டர் வினான்ஸ், பத்தியில் வரப்போவதை ஒரு புரோக்கருக்கு முன்கூட்டியே சொல்லிச் சிறை போனார். 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிலைநிறுத்தியது. அவருக்குக் கிடைத்த பணம் சுமார் 31,000 டாலர். நம் நாட்டிலும் ஒரு வணிகச் சேனல் தொகுப்பாளர் பரிந்துரைக்கப் போகும் ஷேரைக் குடும்பத்தார் கணக்கில் முந்தின நாளே வாங்கியதாக 2021 ஜனவரியில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி இடைக்கால உத்தரவு போட்டது. எழுதும் துறையின் ஷேரை வைத்திருக்காதீர்கள். மனைவி, கணவர், பெற்றோர் கணக்கும் உங்கள் கணக்குதான். மியூச்சுவல் ஃபண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒருவருடைய பத்து ஷேர் பத்து வருட உழைப்பையும் சக நிருபர்களின் பேரையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கேள்விக் கடிதமும் நூறு கோடியும்

இந்தியாவில் இதே பாடம் 2015இல் கிடைத்தது. தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயின் சர்வர்களில் சில புரோக்கர்களுக்கு மட்டும் முன்கூட்டியே விலைத் தகவல் போகிறது என்று பெயரில்லாத கடிதம் ஒன்று மனிலைஃப் இதழுக்கு வந்தது. 1992இல் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச் சந்தை மோசடியை வெளிக்கொண்டுவந்த சுசேதா தலாலும் தேபாஷிஸ் பாசுவும் நடத்தும் இதழ் அது. அவர்கள் கடிதத்தை அப்படியே போடவில்லை. என்எஸ்இயிடம் கேள்வி கேட்டார்கள், பதில் வரவில்லை. ஜூன் மாதம் கட்டுரை வந்தது. என்எஸ்இ 100 கோடி கேட்டு பாம்பே உயர் நீதிமன்றம் போனது.

செப்டம்பர் 9 அன்று நீதிபதி கௌதம் பட்டேல் தடை கொடுக்க மறுத்தார். என்எஸ்இ 50 லட்சம் கட்ட வேண்டும் என்றார்: இரண்டு பத்திரிகையாளருக்கும் தலா ஒன்றரை லட்சம், மீதி 47 லட்சம் இரண்டு மருத்துவமனைகளுக்கு. அந்தக் கட்டத்தில் முறைகேடு நிரூபணமாகவில்லை. பின்னால் செபி 624.89 கோடி கட்டச் சொன்னதும், 2023இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை நீக்கி 100 கோடி கட்டச் சொன்னதும், கூட்டுச்சதிக்குப் போதிய ஆதாரமில்லை என்று 2024இல் செபியே சில குற்றச்சாட்டுகளைக் கைவிட்டதும் தனிக் கதை. அந்தக் கதை எப்படி முடிந்திருந்தாலும் 2015இல் கட்டுரை நின்றது. காரணம் எளிது: ஆவணம் இருந்தது, கேட்டிருந்தார்கள், பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

ஆகவே கேள்விக் கடிதம் சம்பிரதாயம் அல்ல. ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனிக் கேள்வியாக, எண் போட்டு, எந்த ஆவணத்தின் அடிப்படை என்று சொல்லி எழுத வேண்டும். ஆவணத்தையே இணைக்கக் கூடாது. அதிலிருக்கும் கையெழுத்தோ பக்க அமைப்போ கொடுத்த ஆளைக் காட்டிக்கொடுக்கும். கம்பெனிச் செயலாளர், மக்கள் தொடர்பு, சம்பந்தப்பட்ட அதிகாரி மூவருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். ஆடிட்டரைப் பற்றி எழுதினால் ஆடிட்டருக்கும். கணக்குச் சிக்கலுக்கு மூன்று முதல் ஐந்து வேலை நாள் நியாயமான அவகாசம். வெள்ளி மாலை அனுப்பித் திங்கள் காலை பதில் கேட்டால் நீதிபதிக்கு அது கண்ணில் படும். பதில் வந்தால் அதன் சாரத்தைச் செய்தியின் மேல் பாதியில் போடுங்கள், கடைசி வரியில் ஒட்டாதீர்கள்.

அதிக அவகாசத்திலும் வம்பு உண்டு. அந்த நாட்களில் கம்பெனி நீதிமன்றம் போய் எதிர்த்தரப்பு இல்லாமலே இடைக்காலத் தடை வாங்கலாம். இதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவில் கேவியட் மனு இருக்கிறது: எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. 90 நாள் செல்லும். பெரிய கட்டுரைக்கு முன் கம்பெனி தலைமையகம் உள்ள ஊரிலும் உங்கள் ஊரிலும் போட்டு வைக்கலாம். ஆனால் கேவியட் போட்டதே கட்டுரை வரப்போவதை அறிவித்துவிடும். வக்கீலும் எடிட்டரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது.

இடைக்காலத் தடை பற்றி 2024 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம் புளூம்பெர்க் - ஜீ வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஜீ நிறுவனம் பற்றி புளூம்பெர்க் வெளியிட்ட கட்டுரையை டெல்லிக் கீழமை நீதிமன்றம் எடுக்கச் சொல்லியிருந்தது, உயர் நீதிமன்றம் ஆமோதித்திருந்தது. உச்ச நீதிமன்றம் இரண்டையும் நீக்கியது. முழு விசாரணைக்கு முன் கட்டுரையை முடக்குவது அபூர்வமான சந்தர்ப்பத்துக்கு மட்டுமே என்றது. இந்தத் தீர்ப்பின் நகல் ஒவ்வொரு வணிக நிருபரின் வக்கீலிடமும் இருக்க வேண்டும்.

கிரிமினல் அவதூறு தனித் தலைவலி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356. இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. சிவில் வழக்கில் உண்மை என்பதே போதுமான பதில்; கிரிமினலில் உண்மையோடு பொது நன்மையும் இருந்தது என்று காட்ட வேண்டும். சிவில் வழக்குக்குக் கெடு ஒரு வருடம், கிரிமினல் புகாருக்கு மூன்று வருடம். அதனால் குறிப்பேடு, பதிவு, மின்னஞ்சல் எதையும் மூன்று வருடத்துக்கு முன் அழிக்கக் கூடாது. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கச் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது அதன் கைரேகை போன்ற எண்ணை, குறிப்பிட வேண்டும். கோப்பு கைக்கு வந்த அன்றே ஹாஷ் எடுத்து எழுதி வைத்தால், பிறகு திருத்தினீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தகவல் தந்தவரின் அடையாளம் இந்தக் கோப்புக்குள் வரவே கூடாது. இந்தியாவில் நிருபரின் ஆதாரத்தைக் காக்கத் தனிச் சட்டம் கிடையாது. 1978ஆம் ஆண்டுப் பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு தரும் பாதுகாப்பு கவுன்சில் முன்னால் மட்டும்தான் செல்லும், போலீஸ் முன்னால் செல்லாது.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 250 பட்டியலிட்ட கம்பெனிகள் பற்றி ஊடகத்தில் செய்தி வந்து ஷேர் விலை குறிப்பிடத்தக்க அளவு அசைந்தால், 24 மணி நேரத்துக்குள் அதை உறுதிசெய்யவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும் என்று செபி விதி வைத்திருக்கிறது. 2024 ஜூனில் முதல் 100 கம்பெனிகளுக்கு, டிசம்பரில் 250க்கு. கேள்விக் கடிதத்துக்கு வாய் திறக்காதவர்கள் பங்குச் சந்தைக்குப் பதில் எழுதியாக வேண்டும். அந்தப் பதிலைக் கட்டாயம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணக்கு வேறு மாதிரி வந்தால் அதுவே அடுத்த செய்தி.

இத்தனை கவனமாக இருந்தாலும் வழக்கு வரும், ஏனென்றால் பலருக்கு ஜெயிப்பது நோக்கமே இல்லை. வழக்கு நடக்கும் ஐந்தாறு வருடமும் நிருபர் வேறு எதையும் எழுதாமல் இருந்தால் போதும். மால்டாவில் 2017இல் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியாமீது அப்போது 40க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. நம் நாட்டில் வழக்குப் போடும் ஊரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 100 கோடி கேட்டால் 3 கோடி கட்ட வேண்டும். குஜராத்தில் உச்சவரம்பு 75,000 ரூபாய்தான். 2018இல் ரஃபேல் செய்திக்காக என்டிடிவிமீது அனில் அம்பானி குழுமம் 10,000 கோடி கேட்டு அகமதாபாத்தில் வழக்குப் போட்டது. தொகை கோடியில் எத்தனை ஆயிரம் ஆனாலும் அங்கே செலவு ஏறாது. எதிர்த்தரப்புக்கோ வாய்தாவுக்கு வாய்தா விமானமும் வக்கீலும். தனித்து எழுதுகிறவர்கள் ஒப்பந்தத்தில் வழக்குச் செலவு யாருடையது என்ற வரியை எழுத்தில் வாங்காமல் ஒரு கம்பெனிச் செய்தியையும் கொடுக்கக் கூடாது. பல ஒப்பந்தங்களில் அது அப்படியே எழுதுகிறவர் தலையில் இருக்கிறது.

வாயடைக்கப் போடும் இந்த மாதிரி வழக்குகளுக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு நெறிமுறைச் சட்டம் கொண்டுவந்தது. வெளிப்படையாக ஆதாரமற்ற வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யவும், செலவு முழுவதையும் வழக்குப் போட்டவரிடமே வசூலிக்கவும் அதில் வழி இருக்கிறது. இந்தியாவில் பொய்யான, தொல்லை தரும் வழக்குக்கு ஈட்டுச் செலவு கொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 35ஏ பிரிவு இருக்கிறது. அதன் கீழ் ஒரு நீதிமன்றம் அதிகபட்சமாக உத்தரவிடக்கூடிய தொகை 3,000 ரூபாய்.